பௌர்ணமி பார்த்துக் கூடிய பாட்டுச் சங்கம்



இசையும் சமூகமும் என்ற பொதுத் தலைப்பில் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று இந்த உரைக்கு ஏற்பாடு செய்த அறக்கட்டளையினர் எனக்குச் சொன்னார்கள். பெரிய மேதைகளைப் பற்றி இந்த மேடையில் முன்பே நல்ல உரைகள் நிகழ்ந்திருக்கின்றன. நான் மேதைகளை விட்டுவிட்டு ஒரு ஊரையும், அந்த ஊர்க்காரர்கள் நடத்தி வரும் ஒரு பாட்டுச் சங்கத்தையும் எடுத்துக்கொள்கிறேன். ஊர் ஹடர்ஸ்ஃபீல்ட். இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், லீட்ஸுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே, பென்னைன் மலைச்சரிவில் இருக்கிறது. கம்பளித் துணிக்குப் பேர்போன ஊர். சங்கம், ஹடர்ஸ்ஃபீல்ட் கோரல் சொசைட்டி.

1836 ஜூன் 7 அன்று அந்த ஊரின் ஒரு மதுவிடுதியில் சிலர் கூடி அதைத் தொடங்கினார்கள். மாதாந்தரக் கூட்டத்தைப் பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமையில் வைத்துக்கொள்வது என்று முடிவானது. இதில் சாஸ்திரம் ஒன்றும் இல்லை. சுற்றுப்பட்டு மலைக்கிராமங்களிலிருந்து நடந்து வருகிறவர்கள் பாடி முடித்து இரவில் வீடு திரும்ப வேண்டும், பாதையில் விளக்கு கிடையாது, நிலா வேண்டும். பாட வந்த உறுப்பினருக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அளவாக பியரும் சங்கச் செலவில் உண்டு என்பதும் விதியில் எழுதப்பட்டது. ஒரு சங்கம் தன் உறுப்பினர் எப்படி நடந்து வருவார், எப்போது பசிப்பார், எப்படித் திரும்புவார் என்று யோசித்து விதி எழுதியிருக்கிறது. இருநூறு ஆண்டை நெருங்கும் அதன் ஆயுளுக்கு அடிப்படையான காரணங்களில் இந்த அக்கறையையும் ஒன்றாக நான் வைப்பேன்.

அங்கே வந்தவர்கள் யார்? நெசவாளிகள், சாயக்காரர்கள், கடை வைத்திருந்தவர்கள், பள்ளி வாத்தியார்கள். பாடியது என்ன? ஹேண்டல், ஹைடன் போன்ற இசையமைப்பாளர்களின் ஆரடோரியோக்கள்: இரண்டு மூன்று மணி நேரம் ஓடும், நான்கு குரல்களும் ஆர்கெஸ்ட்ராவும் பின்னிக்கொண்டு போகும் பெரிய படைப்புகள். அரண்மனைக்கும் தலைநகருக்கும் உரிய சங்கீதம் என்று நாம் நினைக்கக்கூடியதை, பகலெல்லாம் தறியில் உட்கார்ந்த மனிதர்கள் பாடினார்கள். இது ஹடர்ஸ்ஃபீல்டில் மட்டும் நடந்ததும் இல்லை. பக்கத்து ஊரான ஹாலிஃபாக்ஸில் 1817-லேயே இப்படி ஒரு சங்கம் தொடங்கி இன்றும் நடக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் லங்காஷயரின் ராசண்டேல் பள்ளத்தாக்கில், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே கைத்தறி நெசவாளிகளின் ஒரு கூட்டம் இருந்தது. ஊர்க்காரர்கள் அவர்களை 'டீன் வானம்பாடிகள்' என்று அழைத்தார்கள். குன்றுகளைத் தாண்டி ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போய், ஹேண்டலைப் பாடிப் பார்த்து, தாமே எழுதிய தோத்திரப் பாட்டுகளையும் பாடி, விடியும்போது திரும்பிய மனிதர்கள். கையால் நகலெடுத்த அவர்களுடைய இசை ஏடுகள் இன்றும் காப்பாற்றப்பட்டு வருகின்றன.

இதற்கு ஒரு பின்புலம் உண்டு. அந்த வட்டாரத்தில் சின்னச் சின்னக் கிறிஸ்தவ சபைக் கோயில்கள் தெருவுக்கு ஒன்று இருந்தன. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பாடியாக வேண்டும். காது பழகியிருந்தது. ஆனால் காது பழகுவது வேறு, நான்கு குரல் பாட்டைத் தாளைப் பார்த்துப் பாடுவது வேறு. இந்த இடைவெளி எப்படி நிரம்பியது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

முதலில் காகிதம். 1840-களின் தொடக்கத்தில் ஒரு ஆரடோரியோவின் முழு இசைப்பிரதி வாங்க ஒரு தொழிலாளிக்குக் கட்டாது. லண்டனில் நொவெல்லோ என்ற பதிப்பகத்தார் ஒரு துணிச்சலான கணக்குப் போட்டார்கள். சிறிய அளவில், மலிவு விலையில், தவணைத் தவணையாக வெளியிட்டால் ஆயிரக்கணக்கில் விற்கும் என்று நம்பினார்கள். 1846 வாக்கில் ஹேண்டலின் 'மெஸையா' ஆறு பென்ஸ் தவணைகளில் வரத் தொடங்கியது. கணக்கு பலித்தது. பாடகர் ஒவ்வொருவர் கையிலும் சொந்தப் பிரதி என்ற நிலை வந்தது. அதுவரை நாலு பேர் ஒரு ஏட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது, அந்தக் காகிதத்தைப் படிக்கிற வித்தை. நாரிச் நகரில் சாரா க்ளோவர் என்ற ஆசிரியை குழந்தைகளுக்குப் பாட்டு கற்றுக்கொடுக்க ஒரு முறையை உருவாக்கியிருந்தார். ஜான் கர்வன் என்ற பாதிரியார் 1840-களில் அதை எடுத்து வளர்த்து 'டோனிக் சோல்ஃபா' என்று நாடெங்கும் பரப்பினார். டோ, ரே, மீ என்ற ஸ்வரப் பெயர்களின் முதலெழுத்தை மட்டும் எழுதுவது; தாளத்துக்குப் புள்ளியும் முக்காற்புள்ளியும். ஐந்து கோடும் தேவையில்லை, தனி அச்செழுத்தும் தேவையில்லை. செய்தித்தாள் அடிக்கிற அச்சகத்திலேயே பாட்டுப் புத்தகமும் அடித்துவிடலாம். இதில் 'டோ' எந்தச் சுருதியிலும் நிற்கும். சட்ஜத்தை எங்கே வைத்தாலும் மற்ற ஸ்வரங்கள் அதைச் சார்ந்து அமையும் என்பதைக் குழந்தையிலிருந்தே அறிந்த நமக்கு இந்த முறை எவ்வளவு இயல்பானது என்று விளக்க வேண்டியதில்லை. மிஷனரிகள் இதைக் கடல் கடந்து கொண்டுபோனார்கள். மிசோரமில் இன்றும் தேவாலயப் பாடகர் குழுக்கள் சோல்ஃபா ஏட்டைப் பார்த்துத்தான் பாடுகின்றன.

இந்த முறை ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு ஹென்றி கோவர்ட் சாட்சி. 1849-ல் பிறந்தவர். சிறு வயதில் தகப்பனை இழந்தார். ஷெஃபீல்டில் கத்தி செய்யும் பட்டறையில் எடுபிடிச் சிறுவனாகச் சேர்ந்தார். பள்ளிப் படிப்பு அநேகமாக இல்லை. பட்டறை வேலைக்கு நடுவே சோல்ஃபா கற்றார். கற்றதும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். இருபதுகளில் பட்டறையை விட்டுப் பள்ளி ஆசிரியரானார். 1876-ல் ஷெஃபீல்டில் ஒரு சோல்ஃபா சங்கம் கட்டினார். அவர் பழக்கிய பாடகர் குழுக்களைக் கேட்க லண்டன் விமர்சகர்கள் ரயிலேறி வந்தார்கள். 1901 முதல் 1932 வரை ஹடர்ஸ்ஃபீல்ட் சங்கத்தை நடத்தியவர் இவரே. 1911-ல் இருநூறு பாடகர்களோடு கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று கப்பலில் உலகம் சுற்றிப் பாடி வந்தார். பிற்காலத்தில் சர் பட்டமும் கிடைத்தது. கத்திப் பட்டறைச் சிறுவனுக்கு அந்தப் பயணத்தைச் சாத்தியமாக்கியது மாலை நேர வகுப்பும் மலிவு விலைப் புத்தகமும்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் பக்கத்தில் ப்ரிகவுஸ் என்று ஒரு ஊர். 1819-ல் அங்கே பிறந்த சூசன் சைக்ஸ் என்ற பெண்ணின் குரலைக் கேட்டுப் பாடப் பழக்கியவர் ஊர்க் கொல்லர், லூக் செட்டில். இரும்படிக்கிறவர்தான் அந்த ஊர்ப் பாடகர் குழுவின் வாத்தியாரும். அந்தப் பெண் பிறகு ஒரு கசாப்புக்கடைக்காரரை மணந்து, மிஸஸ் சண்டர்லண்ட் என்ற பெயரில் விக்டோரியா ராணி முன்னிலையில் பாடும் அளவுக்கு உயர்ந்தார்.  அவர் பெயரால் 1889-ல் தொடங்கிய இசைப் போட்டி ஹடர்ஸ்ஃபீல்டில் தொடர்ந்து நடந்து வருகிறது. அந்த வட்டாரப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அந்த மேடையில் ஏறியிருக்கிறார்கள்.

இனி, ஒத்திகைக்கு உள்ளே போவோம். கச்சேரி ஆண்டுக்குச் சில நாள். ஒத்திகை வாரா வாரம். இப்படிப்பட்ட சங்கம் ஊருக்குச் செய்யும் பெரிய உபகாரம் அந்த ஒத்திகையில்தான் நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கச்சேரி அதன் விளைவு.

ஒத்திகை அறையில் முதலில் நாற்காலி போடுவார்கள். நான்கு குரல் வகுப்பு: சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ். ஒவ்வொருவர் மடியிலும் பிரதி, கையில் பென்சில். பென்சில் கட்டாயம். இசை நடத்துநர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ள வேண்டும்: இங்கே மூச்சு எடு, இங்கே எடுக்காதே, இந்தச் சொல்லின் கடைசி மெய்யெழுத்தை மூன்றாம் அடியில் சேர்ந்து முடி. எண்பது பேர் 'ஸ்' என்று ஆளுக்கொரு நேரத்தில் முடித்தால் அது பாம்புச் சீறலாக நீளும். அதனால் ஒருவர் 'ஸ்' சொல்லுவார், மற்றவர் விட்டுவிடுவார் என்றுகூடச் சில இடங்களில் வைத்துக்கொள்வார்கள். நீண்ட ஸ்வரத்தை ஒரே மூச்சில் யாராலும் இழுக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கிற இடத்தில் நீங்கள் எடுக்கக் கூடாது. அவர் விட்டதை நீங்கள் தாங்க வேண்டும், நீங்கள் விட்டதை அவர் தாங்குவார். கேட்பவருக்கு ஒலி அறுபடாது. இதைச் செய்யப் பக்கத்து ஆளைக் கேட்டுக்கொண்டே பாட வேண்டும். தன் குரல் தனியாகக் கேட்டால் கூடுதலாகப் பாடுகிறோம் என்று அர்த்தம். நல்ல குரல் உள்ளவருக்கு இது கடினமான பயிற்சி. ஆண்டுக்கணக்கில் இதைச் செய்த மனிதர்களுக்கு மற்றவரைக் கேட்கிற பழக்கம் ஊறிவிடுகிறது.

ஒரு குரலுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்ற மூன்று குரலும் பேசாமல் காத்திருக்க வேண்டும். ஆல்டோக்களின் வரி பல நேரம் ஒரே இடத்தில் சுற்றும். மெட்டு அவர்களிடம் வராது. அதை நீக்கினால் முழுக் கட்டடமும் ஆடும். பாடுகிறவருக்கு அது தெரியும், கேட்பவருக்குத் தெரியாது. இதைத் தெரிந்துகொண்டே வாரா வாரம் வருகிறவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

நடுவே தேநீர் இடைவேளை. யார் வீட்டில் உடம்பு சரியில்லை, யார் பிள்ளைக்கு வேலை கிடைத்தது, இரண்டு வாரமாக வராத முதியவரை யார் போய்ப் பார்ப்பது என்பதெல்லாம் அங்கே முடிவாகும். இடைவேளை முடிந்ததும் சந்தா வாங்குகிற பொருளாளர், பிரதிகளை எண்ணித் திரும்ப வாங்குகிற நூலகர், அரங்கத்துக்கு முன்பதிவு செய்கிற செயலாளர் எழுந்து அறிவிப்பு சொல்வார்கள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. சொல்லப்போனால் பாடுகிறவர்களே சந்தா கட்டித்தான் பாடுகிறார்கள். தனிப்பாடகர்களுக்கும், தொழில்முறை ஆர்கெஸ்ட்ராவை அழைத்தால் அவர்களுக்கும் பணம் தர வேண்டும். பல சங்கங்களில் கிறிஸ்துமஸ் காலத்து 'மெஸையா'வுக்கு நிரம்புகிற அரங்கம்தான் ஆண்டின் மற்றக் கச்சேரிகளைத் தாங்கும். கேள்விப்படாத புதிய படைப்பை மேடையேற்றும் தைரியத்தையும் அந்த வசூல் கொடுக்கிறது.

ஆர்கெஸ்ட்ராவிலும் ஊர்க்காரர்கள் உண்டு. ஹடர்ஸ்ஃபீல்டை அடுத்த கோல்ன் பள்ளத்தாக்கில் ஸ்லேத்வெய்ட் என்ற ஆலைக் கிராமம் 1891-லேயே தனக்கென ஒரு பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வைத்துக்கொண்டது. பகுதிநேர வாத்தியக்காரர்கள். இந்த மாதிரிக் குழுக்களில் வயலின் வாசிக்கிறவர் எளிதில் கிடைப்பார். வயோலாவுக்கும் ஓபோவுக்கும் பஸ்ஸூனுக்கும் ஆள் தேட வேண்டியிருக்கும். யார்க்ஷயரின் ஆலைகளுக்கென்று பித்தளைக்குழல் பேண்டுகளும் இருந்தன. 1855-ல் ஆலை முதலாளியின் ஆதரவில் உருவான பிளாக் டைக் பேண்ட் இன்று உலகப் புகழோடு இருக்கிறது. ஆலைகள் பெரும்பாலும் மூடிவிட்டன; பேண்டுகளும் பாட்டுச் சங்கங்களும் அவற்றுக்குப் பின்னும் வாழ்கின்றன.

இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னம் செய்த ஆய்வைச் சொல்வேன். 1970-ல் இத்தாலியில் வட்டாரவாரியாக அரசுகள் புதிதாக அமைக்கப்பட்டன. சட்டமும் அமைப்பும் ஒன்றே. சில இடங்களில் நிர்வாகம் ஒழுங்காக நடந்தது, சில இடங்களில் மனுவுக்குப் பதில்கூட வரவில்லை. ஏன் இந்த வித்தியாசம் என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1993-ல் புத்தகமாக வெளியிட்டார். மக்கள் தாமாகக் கூடி நடத்தும் சங்கங்கள் அடர்த்தியாக இருந்த இடங்களில் அரசும் நன்றாக நடந்தது என்பது அவர் கண்டது. அவர் எண்ணிய சங்கங்களில் பாட்டுச் சங்கங்களும் கால்பந்துக் குழுக்களும் அடக்கம். அவருடைய முடிவை மறுத்து எழுதியவர்களும் உண்டு. எது காரணம், எது விளைவு என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு பாட்டுச் சங்கத்தில் கணக்கு எழுதி, தேர்தல் நடத்தி, தோற்றவரும் அடுத்த வாரம் அதே வரிசையில் நின்று பாடுகிற பழக்கம் ஊருக்கு வீண்போகாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2015-ல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். வயதுவந்தோர் கல்வி வகுப்புகளில் பாட்டு, கைவேலை, எழுத்து ஆகிய மூன்றில் எதில் சேர்ந்தவர்களும் சில மாதங்களில் ஒருவருக்கொருவர் நெருக்கமானார்கள். பாட்டு வகுப்பில் மட்டும் அந்த நெருக்கம் தொடக்கத்திலேயே, மிக வேகமாக வந்தது. பெயர்கூடத் தெரியாதவர்கள் சேர்ந்து பாடியே பழகிவிடுகிறார்கள்.

ஆனால் சேர்ந்து பாடுவதாலேயே ஒரு கூட்டம் எல்லாரையும் சேர்த்துக்கொண்டுவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. ஹடர்ஸ்ஃபீல்ட் சங்கத்தின் 1840-களின் விதிகளில் இன்னொன்றும் இருந்தது. அப்போது ராபர்ட் ஓவன் என்ற சீர்திருத்தவாதியைப் பின்பற்றிய சோஷலிஸ்டுகள் அந்த ஊரில் 'ஹால் ஆஃப் சயன்ஸ்' என்ற மன்றத்தை நடத்தி வந்தார்கள். அங்கே போய்வருபவர் சங்கத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது. சோஷலிஸ்டுக்குத் தெரிந்தே இசைப்பிரதி இரவல் கொடுத்தால் விலக்கல். ரொட்டியையும் நிலவையும் யோசித்த அதே பேனா இதையும் எழுதியது. பெண்களின் நிலையும் இப்படித்தான். அந்தக் காலத்துச் சங்கங்களில் பெண்களும் பாடினார்கள். நிர்வாகக் குழுக்களோ பெரும்பாலும் ஆண்கள் கையில். நம் பக்கம் மட்டும் வேறா? திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லாதிருந்த காலத்தை மாற்ற பெங்களூர் நாகரத்தினம்மாள் எவ்வளவு போராட வேண்டியிருந்தது! தியாகராஜர் சமாதிக்குத் தம் சொத்தைக் கொண்டு கட்டடம் எழுப்பியவர் அவர். ஒரு சங்கத்தின் விதிப்புத்தகத்தைப் படித்தால் அந்த ஊர் யாருக்கு அஞ்சியது, யாரை வெளியே நிறுத்தியது என்பதும் தெரிந்துவிடும்.

சங்கத்தின் நூற்றாண்டு 1936-ல் வந்தது. விழாவுக்குப் புதிய படைப்பு ஒன்று வேண்டும் என்று இசையமைப்பாளர் ராஃப் வான் வில்லியம்ஸைக் கேட்டார்கள். அவர் கொடுத்தது விழாக்கால மங்கள இசை இல்லை. 'டோனா நோபிஸ் பாசெம்': எங்களுக்கு அமைதி தா என்ற லத்தீன் வேண்டுதலைத் தலைப்பாகக் கொண்ட படைப்பு. முதல் உலகப் போரில் காயம்பட்டோரைச் சுமக்கும் படைப்பிரிவில் பணிபுரிந்தவர் வான் வில்லியம்ஸ். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் போர்க்கவிதைகளையும் விவிலிய வாசகங்களையும் எடுத்துக்கொண்டார். அவற்றோடு, ஜான் பிரைட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1855-ல் கிரிமியப் போருக்கு எதிராகப் பேசிய பேச்சின் ஒரு பகுதியையும் சேர்த்தார். பிரைட் மலைக்கு அந்தப் பக்கம் ராச்டேலில் பஞ்சாலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். 1936 அக்டோபர் 2 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் நகர மண்டபத்தில் ஆலை ஊர்க்காரர்கள் எழுந்து நின்று, ஒரு ஆலைக்காரரின் போரெதிர்ப்புப் பேச்சைப் பாட்டாகப் பாடினார்கள். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த நேரம் அது. பாடியவர்களிலும் கேட்டவர்களிலும் பலர் இருபது ஆண்டுக்கு முன் மகனையோ அண்ணனையோ கணவனையோ இழந்தவர்கள்தாம். நூற்றாண்டைக் கொண்டாட ஒரு ஊர் இப்படிப்பட்ட படைப்பைப் பெற்று, அதைக் கற்றுப் பாடியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மூன்றே ஆண்டில் போர் வந்தது. போர்க்காலத்தில் சங்கம் நின்றுவிடவில்லை. 1945 ஏப்ரலில், ஐரோப்பாவில் சண்டை இன்னும் ஓயாத வேளையில், இசையமைப்பாளர் எல்காரின் 'ட்ரீம் ஆஃப் ஜெரான்ஷியஸ்' என்ற படைப்பு முழுவதையும் முதல்முறையாக இசைத்தட்டில் பதிய அதே நகர மண்டபத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இசையை நடத்தியவர் மால்கம் சார்ஜண்ட், வாசித்தது லிவர்பூல் பில்ஹார்மோனிக், பாடியது ஹடர்ஸ்ஃபீல்ட். டெனர் பாடகர் ஹெடில் நாஷ் பாடிய அந்தப் பதிவை இன்றும் ரசிகர்கள் தேடிக் கேட்கிறார்கள். நேரம் கிடைக்கும்போது மாணவர்கள் கேட்டுப் பாருங்கள். தலைநகரத்தின் எந்தத் தொழில்முறைக் குழுவுக்கும் அந்தக் கூட்டொலி குறைந்ததில்லை.

சமீப காலத்துக்கு வருகிறேன். 2020 மார்ச் 10. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்ற சிறு நகரம். ஸ்காஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழுவில் 61 பேர் ஒத்திகைக்கு வந்தார்கள். இரண்டரை மணி நேரம் பாடினார்கள், இடைவேளையில் சிற்றுண்டி, முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கினார்கள்.  அவர்களில் 53 பேருக்குக் கொரோனா வந்தது, அல்லது வந்திருக்கக்கூடும் என்று கணக்கிடப்பட்டது. இருவர் இறந்தார்கள். சேர்ந்து மூச்சுவிடும் கலையே ஆபத்தாகிவிட்ட அந்தச் செய்தி உலகெங்கும் பாடகர் குழுக்களை நிறுத்தியது. இங்கிலாந்தில் 2021 மே மாதம் மற்றப் பல கட்டுப்பாடுகள் தளர்ந்தபோதும், உள்ளரங்கில் ஆறு பேருக்கு மேல் அமெச்சூர் பாடகர்கள் கூடக் கூடாது என்று அரசு சொன்னது. பலர் மனம் நொந்துபோனார்கள்.

அந்த முடக்கக் காலத்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் சங்கம் தன் ஊர்க்காரரான அரசவைக் கவிஞர் சைமன் ஆர்மிடேஜை அணுகியது. உறுப்பினர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லும் சொற்களை அனுப்பினார்கள். அதை வைத்து அவர் இரண்டு பாட்டு எழுதினார். ஷெரில் ஃப்ரான்சிஸ்-ஹோட், டேனியல் கிடேன் என்ற இரண்டு இளைய இசையமைப்பாளர்கள் இசையமைத்தார்கள். பாட்டைத் திருடிக்கொண்டு போனவர்களைப் பற்றியது ஒன்று, மறுபடி பாடுவோம் என்பது மற்றொன்று. உறுப்பினர்கள் வீட்டிலிருந்தபடியே ஆளுக்கொரு குரலைப் பதிந்து அனுப்ப, அதைச் சேர்த்தார்கள். காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் துணையிசையைக் கேட்டுக்கொண்டு தனியறையில் தன் வரியை மட்டும் பாடிப் பதிவது எவ்வளவு வெறுமையான வேலை என்று அதைச் செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இருந்தும் செய்தார்கள்.

இன்றைக்கு இத்தகைய சங்கங்களுக்குக் கவலைகள் இல்லாமல் இல்லை. உறுப்பினர்களின் வயது ஏறிக்கொண்டே போகிறது. டெனர்கள் கிடைப்பது அரிது. பள்ளிகளில் இசை வகுப்பு குறைகிறது. ஏடு பார்த்துப் பாடத் தெரிந்த இளைஞர்கள் அதனால் குறைகிறார்கள். அரங்க வாடகையும் ஆர்கெஸ்ட்ரா செலவும் உயர்கின்றன. குரல் தேர்வு வைத்தே உறுப்பினர் சேர்க்க வேண்டுமா, ஆசையுள்ள எல்லாரையும் சேர்க்கலாமா என்ற விவாதம் ஒவ்வொரு ஊரிலும் நடக்கிறது. என் கருத்தைக் கேட்டால், ஒரு ஊரில் இரண்டு வகையும் இருக்க வேண்டும். தரத்தைப் பிடிவாதமாகக் காக்கும் குழு ஒன்று. கதவைத் திறந்து வைத்திருக்கும் குழு ஒன்று. முதலாவது இல்லாவிட்டால் எட்டிப் பிடிக்க உயரம் இருக்காது. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவதுக்கு ஆள் வராது.

இனி நம்மைப் பற்றி. சென்னையில் 1893-லிருந்து மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் இந்த மேற்கத்திய மரபில் பாடி வருகிறது. நம் நகரத்தில் இதை அறியாதவர்கள் ஏராளம். நம் மொழியில், நம் பாட்டை வைத்து இதைச் செய்து காட்டியவர் எம்.பி. சீனிவாசன். திரைப்பட இசையமைப்பாளர். திரை இசைக் கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் கட்டப் பாடுபட்டவர். 1970-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கி, பாரதியின் பாடல்களைப் பல குரல்களில் அமைத்துச் சாதாரண இளைஞர்களைக் கொண்டு பாட வைத்தார். மாணவர்கள், வங்கி ஊழியர்கள், அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்கள் என்று வேலை முடிந்து வந்தவர்கள். கர்நாடக இசை ஒரு குரலின் நுட்பத்தில் வளர்ந்தது. அதில் பல குரலை அடுக்கினால் ராகம் கெட்டுவிடும் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். அவர் வாதத்தில் இறங்காமல் பாட வைத்தே பதில் சொன்னார். 1988-ல் அவர் மறைந்த பிறகும் அவர் பழக்கியவர்கள் அந்தக் குழுவை விடவில்லை.

சபாக்களின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவை கேட்பவர்களைத் திரட்டின; ஒரு நூற்றாண்டாக நல்ல காதுகளை வளர்த்தன. பாடுகிறவர்களைத் திரட்டும் வேலையை அவை எடுத்துக்கொள்ளவில்லை. மார்கழி பஜனையும், கிராமத்துக் கும்மியும், திருவையாற்றில் பஞ்சரத்ன கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடும் அந்த ஒரு காலையும் நம்மிடம் உண்டு. வாரம் தவறாமல், ஆண்டு முழுவதும், இசைக் குடும்பத்தில் பிறக்காத, குருகுலத்தில் வளராத ஒரு நடுவயதுக்காரர் வேலை முடிந்து போய்ப் பாடக் கற்றுக்கொள்ள இடம் எத்தனை ஊரில் இருக்கிறது? நாகர்கோவிலிலும் பாளையங்கோட்டையிலும் தஞ்சாவூரிலும் தேவாலயப் பாடகர் குழுக்கள் உண்டு. ஆலயத்துக்கு வெளியே மதம் பாராமல் கூடும் குழு எத்தனை?

ஆகவே இங்கே அமர்ந்திருக்கும் சபாச் செயலாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பெரும்பாலான அரங்கங்கள் வாரத்தில் சில மாலைகள் பூட்டியே கிடக்கின்றன. அதில் ஒரு மாலையை, ஒரே கிழமையை, ஆண்டு முழுவதற்கும் பாட விரும்பும் ஊர்க்காரர்களுக்கு ஒதுக்கிக் கொடுங்கள். மின்விசிறியும் நாற்காலியும் போதும். பாடல்களை நகலெடுக்கும் செலவை இந்த அறக்கட்டளை ஏற்கலாமா என்று அறங்காவலர்களிடம் இன்று காலை கேட்டேன், யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பழக்குவதற்கு ஆள் வேண்டும் என்றால், இசைக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளியே வரும் பட்டதாரிகளில் வேலை இல்லாமல் இருப்பவர்களைக் கேளுங்கள். எந்தக் கிழமை என்பதை மட்டும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.